பிள்ளைகளிடம் காரணம் கேட்ட எங்கள் அம்மா

அம்மா கர்த்தரிடம் சென்று ஓராண்டு ஆகிறது. அழுது முடித்துவிட்டோம். இப்போது அவர்கள் பேச்சு வந்தால் வீட்டில் சிரிப்புத்தான் வருகிறது. அதையே இங்கே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது சாத்தூரில். தகப்பனார் சிறுவயதிலேயே காலமாகிவிட, தாயார் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து நர்ஸ் படிக்க வைத்தார்கள். பணிக்காலத்தின் பெரும்பகுதி குழந்தைகள் வார்டில் கழிந்தது.

ஒரு தீபாவளி முடிந்த வாரம், எம். புதுப்பட்டியிலிருந்து வந்த ஆறு வயதுச் சிறுமி, வெந்த கையில் போட்டிருந்த கட்டைத் தொடவே விடவில்லை. புண் சீழ் வைத்துவிடுமே என்று டாக்டர் பயந்தார். ஆட்கள் அமுக்கிப் பிடிக்க வந்தார்கள். அம்மா அவர்களை விலகச் சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

“அவுத்தா என்னத்தா ஆகும்?”

“கை கொட்டிப் போயிரும் சிஸ்டர். வெடியில சுத்துன தாளப் பிரிச்சா மருந்து கொட்டிருதுல்ல?”

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் மகள். அவள் பார்த்து வளர்ந்ததை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னது நியாயம்தான். அம்மா தம் கையில் துணியைச் சுற்றி, அவளையே பிரிக்கச் சொன்னார்கள். கை அப்படியே இருந்தது.

“ஒங்க கைதான் வேகலையே!”

அம்மா அவளுடைய கட்டைக் காட்டி, “உள்ள இருக்க வெரல ஆட்டிப் பாரு” என்றார்கள். ஆட்டினாள். வலியில் முகம் சுளித்தாள்; பிறகு கண்கள் விரிந்தன.

“ஆடுது! வெடி மருந்துன்னா ஆடாதுல்ல?”

கட்டின் நுனியை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

எனக்குப் பதின்மூன்று வயதில், கண்ணாடி போட்டால் பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள் என்று அடம் பிடித்தேன். அம்மா திட்டவில்லை. “இன்னைக்கு ஒம் பக்கத்துல இருந்த பிள்ள என்ன கலர் ரிப்பன் கட்டியிருந்தா?” என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. “ஒன்னைய யாரு பாக்கான்னே பாத்துக்கிட்டு இருந்திருக்க. அவளுக்கும் அதே சோலிதான்.” மறுநாள் கண்ணாடியோடு போனேன். பஸ்ஸின் ஊர்ப்பலகையை முதல்முறையாகத் தூரத்திலிருந்தே படித்தேன்.

கடைசியில் அம்மா சிறுநீரகக் கோளாறால் படுத்திருந்தபோது, என் நான்கு வயது மகள் கேட்டாள்: “அம்மாச்சி, செத்துப் போனா பசிக்குமா?”

நாங்கள் அவள் வாயைப் பொத்தப் பதறினோம். அம்மா, “நீயே சொல்லு” என்றார்கள்.

“பசிக்காது. வாயி இங்கனதான இருக்கும். ஆனா போரடிக்கும்.”

அம்மா இருமல் வரும்வரை சிரித்தார்கள். “அடிக்காதுத்தா. அங்கன ஒங்க தாத்தா இருக்காக. பேச ஆரம்பிச்சா நிப்பாட்டவே மாட்டாக.”

அந்த வாரமே அமைதியாகக் கண்மூடினார்கள்.

டயாலிசிஸுக்குத் தம் ஆட்டோவிலேயே கூட்டிச் சென்ற பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், முறை வைத்து உடனிருந்த வார்டுத் தோழியருக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நினைவு ஆராதனைக்குப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். நடுவில் ஏதாவது கேட்டால் அதட்ட வேண்டாம். முன்வரிசையை அவர்களுக்குத்தான் ஒதுக்கியிருக்கிறோம்.