தற்காலிகமாக

அக்கா அரிசி ஊறப்போடும்போது பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்துக்கொள்கிறாள். ரேஷன் அரிசி. தண்ணீரை ஊற்றி, கையால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, குனிந்து பார்த்தபடி காத்திருப்பாள். அரிசியெல்லாம் அடியில் போய்ப் படியும். நாலைந்து மட்டும் மேலே வந்து மிதக்கும். மற்றவற்றைவிடக் கொஞ்சம் மங்கலாக, எந்த வயலிலும் விளையாதது போல வழவழவென்று. அவற்றை விரல் நுனியில் ஒற்றி எடுத்துக் கிண்ணத்தில் போடுவாள். கண்ணில் விழுந்த தூசியை எடுக்கிற கவனம்.

"பாத்தியா அம்மணி, பிளாஸ்டிக்கு. நெசமான அரிசி தண்ணில மொதக்குமா?"

"அது சத்து சேத்துன அரிசிக்கா. இரும்புச் சத்து. கடையில போர்டே வெச்சிருக்காங்களே."

"என்னமோ செறி... செறிவு ஊட்டப்பட்ட. படிச்சேன் படிச்சேன். வாயில நொழையாத பேரா வெச்சாலே எனக்குச் சந்தேகந்தான்."

கூடத்தில் நாற்காலியில் இருந்த மாமா, அக்காவின் வீட்டுக்காரர், போனிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "சும்மா எதுக்கு அம்மணி நமக்குச் சத்து குடுக்கறாங்க? அத்தனை பாசமா நம்ம மேல?"

நான் அன்னூரில் இருந்து ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். காந்திபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, சிங்காநல்லூரில் அக்கா வீட்டுக்கு. காரணம் இந்த அரிசி இல்லை. அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் உதிரம் போய்ப் போய், உடம்பில் ரத்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே காகித வெள்ளை. ரத்தம் ஏறினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவள் விழுங்கவில்லை. அட்டை அட்டையாக பிஸ்கட் டப்பாவுக்குள் அடுக்கி, மூடி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். மாடிப்படியில் மூன்றாம் படியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுகிறவள், ஒரு கையால் இரும்பைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு மறு கையால் இரும்பை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இவள்தானா என் அக்கா என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் என்கிற சொல்லே தெரியாத வீடு எங்களுடையது. அங்கிருந்து வந்தவளா இவள்?

அந்த வீட்டில் ஒரு கடிகாரம் இருந்தது. ஆனால் நாங்கள் நம்பியது மில் சங்கை. சங்கு ஊதினால் பால் அடுப்பில் ஏறும். அடுத்த சங்குக்கு எனக்குச் சடை பின்னி முடிந்திருக்கும், அக்காதான் பின்னிவிடுவாள். சாயங்காலச் சங்கு ஊதிய சற்று நேரத்தில் தெருமுனையில் அப்பாவின் சைக்கிள் மணி. புருவத்தில் பஞ்சு, காது மடலில் பஞ்சு. எங்கள் ஊரில் பெய்த ஒரே பனி அதுதான், அப்பா மேல் மட்டும் பெய்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் நொடி பிசகாத நேரம் இருக்கிறது. தெருவுக்கென்று ஒரு நேரம் இல்லை. அன்று ஒரே ஊதலில் எத்தனை அடுப்புகள் பற்றின, எத்தனை கைகள் தலை வாரின. அந்த ஒலிக்குள் குடியிருந்தோம். கூரை மாதிரி அது எங்கள் மேல் இருந்தது.

அப்பாவோடு ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார்: "காலைச் சங்கு கரெக்டு. சாயங்காலச் சங்கைத்தான் அஞ்சு நிமிசம் தள்ளி ஊதறானுக. வேணும்னா வாட்ச்சு கட்டிப் பாரு."

அப்பா சிரிப்பார். "ஏப்பா, மனுசனுக்குத்தான் சூது. சங்குக்கு என்ன தெரியும்?"

பிறகு ஒரு நாள் மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கதை ஒன்று உண்டு. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்க வராது. கேட்டில் நின்ற பாதிப் பேருக்கும் அப்படித்தான். அப்பா அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்குப் பன்னிரண்டு வயசு. கூட்டத்தில் எட்டாது என்று சைக்கிள் கேரியர் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். "சத்தமாப் படி கண்ணு, பின்னால நிக்கறவங்களுக்கும் கேக்கட்டும்." அவள் படித்தாள். தடுக்காமல், திணறாமல், பள்ளிக்கூட மேடையில் படிப்பது போல. நடுவில் வந்த அந்தப் பெரிய சொல்லையும் உடைக்காமல் சொன்னாள்: தற்காலிகமாக. மில் தற்காலிகமாக மூடப்படுகிறது.

"அப்படின்னா என்ன கண்ணு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"கொஞ்ச நாளைக்குத்தானுங்க. மறுக்காத் தொறந்துருவாங்க."

கூட்டம் மூச்சு விட்டது. அப்பா அவளுக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "என்ர புள்ள படிச்சா, என்ர புள்ள படிச்சா" என்றுகொண்டே வந்தார். எனக்கும் அதில் பாதி பன் கிடைத்தது.

மில் திறக்கவில்லை. அப்பா வேறு வேலைக்குப் போகவில்லை. "தொறக்கறப்ப ஆளு இல்லைன்னா பேரை எடுத்துப்போடுவாங்க" என்பார். காக்கி உடுப்பைத் துவைத்து மடித்து வைப்பார், மறுபடி துவைப்பார். ஊதாத சங்குக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். அம்மா பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போய் எங்களைக் காப்பாற்றினாள். மில்லின் கூரைத் தகடுகளை லாரியில் ஏற்றுகிறார்கள் என்று பார்த்தவர்கள் வந்து சொன்ன பிறகும் அப்பா, "ரிப்பேருக்கா இருக்கும்" என்றார். கடைசிக் காலத்தில் ஒரு மத்தியானம், எதையோ யோசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "சாயங்காலச் சங்கைத் தள்ளி ஊதறானுகன்னு அவன் சொன்னது நெசமா இருக்குமோ?"

எனக்கு அந்தக் கேள்விதான் இன்றும் ஆறவில்லை. ஏமாற்றம் முன்னோக்கி மட்டும் போவதில்லை. திரும்பிப் போய், நன்றாக இருந்த நாட்களின் பாலையும் திரித்துவிடுகிறது.

இப்போது அக்காவின் சமையலறையில் நான் படிப்பாளி ஆகிவிட்டேன். போனை எடுத்தேன், சத்து அரிசி பற்றித் தேடினேன், மாத்திரை அட்டையில் இருந்த பொடி எழுத்தையும் சேர்த்து அக்காவுக்கு உரக்கப் படித்தேன். அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"இது உனக்குத் தெரியுமா, இல்லை படிச்சுக்காட்டறயா?"

நான் போனைக் கீழே வைத்தேன்.

"நானும் நல்லாத்தான் படிச்சேன் அம்மணி. கேட்டுல நின்ன அத்தனை பேருக்கும் படிச்சேன். என்ர வாயிலதான் அப்பா கேட்டாரு. வெறும் காயிதத்துல மட்டும் இருந்திருந்தா அவரு நம்பியிருக்க மாட்டாரு, பாதிதான் நம்பியிருப்பாரு. புள்ள சொன்னாள்ல, அதான் நம்பிப்போட்டாரு. அந்தப் பன்னு இன்னும் தொண்டையில நிக்குது எனக்கு."

குரல் உயரவில்லை. குக்கருக்குத் தண்ணீர் அளந்து ஊற்றிக்கொண்டே சொன்னாள். இத்தனை வருஷம் நான் சிரித்துக்கொண்டே சொல்லி வந்த கதையின் மறுபக்கம் இப்படி இருந்திருக்கிறது. அந்தப் பன்னில் பாதி நான் தின்றது.

அதற்குப் பிறகு நான் எதையும் படித்துக்காட்டவில்லை. மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் போனில் வந்துகொண்டே இருக்கிற செய்திகளைப் பார்த்தேன். 'உங்களுக்குத் தெரியுமா சொந்தங்களே', 'உங்கள் குடும்பத்தின் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறோம்', 'தயவுசெய்து பகிருங்கள்'. பொய்தான். ஆனால் எவ்வளவு மரியாதையான பொய்! எருமையைக்கூட "தள்ளிக்கோங்க" என்று சொல்கிறவர்கள் நாங்கள் எனக் கேலி பண்ணுகிற வெளியூர்க்காரர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், எந்த நோட்டீசிலும் 'ங்க' இல்லை. மூடப்படுகிறது. வழங்கப்படும். அறிவிக்கப்படுகிறது. யார் மூடுகிறார்கள், யாருக்கு யார் சொல்கிறார்கள் என்று ஆளே இல்லாத சொற்கள். ஆள் இல்லாத இடத்தில் நாமாக ஓர் ஆளை உட்காரவைத்துக்கொள்கிறோம். 'அவங்க' என்று பெயர் வைக்கிறோம். அந்த 'அவங்க' எப்போதும் கெட்டவர்களாகத்தான் இருக்கிறார்கள், ஏனோ.

மறுநாள், வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கிற நர்சம்மா வந்தார். முப்பது வயதிருக்கும், தோளில் கனத்த பை. அக்காவின் இமையைப் பார்த்ததும் கேட்டார்: "மாத்தரை முழுங்கறீங்களாக்கா?"

அக்கா என்னைப் பார்த்தாள், கூடத்தைப் பார்த்தாள், மாமா இல்லை என்று உறுதியானதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மூணு நாளு முழுங்குனனுங்க. அப்பறம்... வெளிக்குப் போனாக் கரியாட்டம் கறுப்பா போச்சுங்க. கொடலு கருகிப்போச்சுன்னு பயந்துபோட்டேன்."

இதை அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

நர்சம்மா சிரிக்கவில்லை. "கறுப்பாத்தானுங்க போகும். இரும்பு அது, அப்படித்தான். மாத்தரை குடுக்கறப்பவே இதைச் சொல்லியிருக்கோணும். சொல்லாம உட்டது எங்க தப்புங்க." பிறகு, "எதுல முழுங்குனீங்க?"

"டீயில."

"அய்யோ, டீ வேண்டாமுங்க. சத்தை உடம்புல சேர உடாது. சோறு தின்னுபோட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு எலுமிச்சைத் தண்ணில முழுங்குங்க."

அக்கா கிண்ணத்தை எடுத்து வந்து நீட்டினாள். சேர்த்து வைத்த மங்கல் அரிசி. "இது பிளாஸ்டிக்குதானுங்க?"

"சத்து அரிசின்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. ஆனா ஏன் மொதக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க. கேட்டுப்போட்டு வியாழக்கிழமை வாரேன்."

தெரியலீங்க. எனக்கு நினைவு தெரிந்து இந்தக் குடும்பத்திடம் அலுவலகப் பையைத் தோளில் மாட்டிய யாரும் சொல்லாத சொல். அவர் போனதும் அக்கா, "வர மாட்டா" என்றாள். சொல்லிவிட்டு, வியாழன் என்றைக்கு என்று காலண்டரைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை நல்ல மழை. பதினோரு மணிக்கு அக்கா, "வர மாட்டான்னு சொன்னனில்ல" என்றாள். அதில் வெற்றி இல்லை. பன்னிரண்டுக்குக் கேட் சத்தம் கேட்டது. நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நின்றவாக்கிலேயே நர்சம்மா சொன்னார்: "கேட்டனுங்க அக்கா. அரிசியை மாவாக்கி, சத்தைக் கலந்து, திரும்ப அரிசியாட்டமே அச்சுல செய்யறாங்களாமா. அதனால லேசா இருக்குதுங்க, மொதக்குதுங்க."

நான் போனில் படித்ததும் இதுவேதான். சொல்கூட மாறவில்லை. மாமா, "அவங்க சொல்லச் சொன்னதைச் சொல்றாங்க" என்றார், வழக்கம்போல. அக்கா அவர் பக்கம் திரும்பி, "மழையில நனைஞ்சு வந்திருக்கறாங்கல்ல, அந்தத் துண்டை எடுத்துக் குடுங்க மொதல்ல" என்றாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு சாமி படத்துக்குப் பின்னாலிருந்து டப்பா இறங்கியது. எலுமிச்சைத் தண்ணீரில் ஒன்றை விழுங்கிவிட்டு, அடுப்பு மேடையில் கைகளை ஊன்றிக்கொண்டு சிறிது நேரம் நின்றாள், உள்ளே எதுவோ இறங்குவதைக் கேட்கிறவள்போல.

அடுத்த நாள் காலையில் நான் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா அரிசி ஊறப்போட்டாள். சுழற்றினாள். காத்திருந்தாள். நாலைந்து மேலே வந்தன. கை பழக்கத்தில் கிண்ணத்தைத் தேடியது. விரலை நீட்டி, ஒன்றைத் தொட்டு, தண்ணீருக்குள் அமுக்கினாள். அது மறுபடி மேலே வந்தது. இன்னொரு முறை அமுக்கினாள். வந்தது.

"போச்சாது போ, மொதந்துட்டே கெட" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கினாள்.

"ரொம்பப் பூரிக்காத அம்மணி. தற்காலிகமாத்தான்."