கை நனையாமல் நான்கு தேநீர்

ஆரணியில் தேநீரைப் பற்றி ஆழ்ந்த அறிவு படைத்தவர் ஒரே ஒருவர்தான். தன்னடக்கம் கருதி அவர் பெயரை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அவர் பெயர் சார்லி. அதாவது நான்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஊர் ஊராகக் கண்காட்சிகளுக்குப் போய்ப் பட்டுச் சேலைகளை விரித்துக் காட்டுவதும், அவற்றில் பெரும்பகுதியை மறுபடி மடித்து எடுத்து வருவதும் தொழில். அப்படிக் குன்னூருக்குப் போனபோது, தங்கியிருந்த விடுதியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்து, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒவ்வொரு தேநீர் கொடுத்தார்கள். வெள்ளரித் துண்டுக்கு ஒன்று, எலுமிச்சைச் சோற்றுக்கு இன்னொன்று. எதற்கு எது பொருந்தும், ஏன் பொருந்தும் என்று ஒரு பெண் பக்கத்தில் நின்று விளக்கினாள். அது வேறு யாருக்கோ ஏற்பாடு செய்த விருந்து என்பது கடைசியில்தான் தெரிந்தது. அதற்குள் நான் நிபுணனாகிவிட்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் கண்ணாடி ஜாடிகள் வாங்கினேன். பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, வெள்ளைத் தேயிலை என்று நிரப்பி அலமாரியில் வரிசையாக வைத்தேன். என் மனைவி அமுதா ஒன்றைக் காலி செய்து கடுகு போட்டுக்கொண்டாள்.

கோடை வந்தால் எங்கள் ஊரில் மனிதன் சாப்பிடுவதே குறைவு. காலையில் கூழ், மதியம் தயிர்சோறு, நடுவில் வெள்ளரி, நுங்கு. இந்த எளிய உணவுகளுக்கு ஏற்ற தேநீர் எது என்று இதுவரை யாரும் ஆராயவில்லை. அந்தக் குறையை நான் போக்கினேன். கேழ்வரகுக் கூழும் கறுப்புத் தேநீரும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொள்ளும். தயிர்சோற்றுடன் எலுமிச்சைத் தேநீர் குடித்துப் பார்த்த அன்று மதியம் நான் வேலைக்குப் போகவில்லை. ஆனால் பச்சைத் தேயிலையைப் பானைத் தண்ணீரில் ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் வெள்ளரியோடு குடித்தால் சொர்க்கம். அமுதாவே இரண்டாவது டம்ளர் கேட்டாள். “வெயிலுக்குத் தண்ணி மாரி எறங்குது” என்று மட்டும் சொன்னாள்.

“சோத்தோட சேத்து டீ குடிக்கிறவங்க எங்கனா இருக்காங்களா? முன்னாடி குடி, இல்ல பின்னாடி குடி” என்பதுதான் அவள் கொள்கை. குன்னூர் பார்க்காதவள், மன்னித்தேன்.

இந்த நிலையில் என் மகள் லிடியாவின் கல்யாணப் பேச்சு வந்தது. செய்யாரில் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். அதே பிரிவில் வெம்பாக்கத்துப் பையன் அன்புச்செல்வன். அவர்கள் இருவரும் பேசி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. பெரியவர்கள் பேசுவதுதான் பாக்கி. பையனின் அப்பா டேவிட்ராஜ் விவசாயி. எதற்கும் சரி என்பவர். அம்மா அந்தோணியம்மாள் எதற்கும் சட்டென்று சரி சொல்லாதவர்.

அவருக்கும் காரணம் இருந்தது. மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் உபசாரம் தாங்காமல் விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். பிறகு அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ‘துன்னுட்டுப் போனவங்க’ என்று அந்த ஊரே பேசியிருக்கிறது. சம்பந்தம் உறுதியாகும்வரை பெண் வீட்டுச் சோற்றில் கை நனைப்பதில்லை என்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அந்தோணியம்மாளுக்கு அன்றிலிருந்து அது சட்டம். டீக்கு மட்டும் அதில் விலக்கு.

“ப்பா, அவங்க டீ மட்டுந்தான் குடிப்பாங்க. கடையிலேர்ந்து வாங்கினு வந்தாக்கூட போதும்” என்றாள் லிடியா. “உன் குன்னூரத் தூக்கினு வந்துடாத. அவங்களுக்குப் புடிக்கலன்னா அவரு அம்மா பேச்ச மீற மாட்டாரு. அதோட முடிஞ்சுது.”

தேநீர் மட்டும்தான் குடிப்பார்கள் என்றால், அதற்கு ஆரணியிலேயே தகுதியான ஆள் யார்? என் கண்கள் கலங்கின. கர்த்தர் என்னைக் குன்னூருக்கு அனுப்பியதன் நோக்கம் அப்போதுதான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கத்திரி வெயிலில் இரண்டு வண்டிகளில் பையனும் அப்பா அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். பூசைக்கு வெறும் வயிற்றோடு போய், அப்படியே கிளம்பி வந்திருந்தார் அந்தோணியம்மாள். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல முடியாது.

முதல் தட்டை வைத்தேன். வெள்ளரித் துண்டுகள், ஊறவைத்த பச்சைத் தேநீர்.

“தப்பா நெனைக்காதீங்க அண்ணே. நாங்க கை நனைக்க மாட்டோம். டீ குடிக்கிறோம்” என்று அந்தோணியம்மாள் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“இது தனியா குடிக்கிற டீ இல்லம்மா. வெள்ளரிக்கா இல்லாம இதுக்கு அர்த்தமே இல்ல.”

“அர்த்தம் இல்லன்னா பரவால்லண்ணே. ஈரமா இருக்குதே, போதும்.”

இரண்டாவது, எலுமிச்சைச் சோறும் லேசான கறுப்புத் தேநீரும். மூன்றாவது, மாங்காய்ச் சோறும் இஞ்சி தட்டிப் போட்ட கடுந்தேநீரும். மாங்காயின் புளிப்பை இஞ்சி எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்று விளக்கினேன். சோறு தொடப்படாமல் இருந்ததால் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அந்தோணியம்மாள் மரியாதை தெரிந்தவர். கொடுத்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

டேவிட்ராஜ் மாங்காய்ச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மே, ஸ்பூன்ல சாப்ட்டா கை நனையாது இல்ல?”

“வாய் நனையுமா நனையாதா?”

“டீ குடிச்சாலுந்தான் வாய் நனையுது!”

“சும்மா பேசிகினு இருக்காதீங்க. ஒரே பேஜாரா இருக்குது.”

நான்காவது, நுங்கும் வெள்ளைத் தேநீரும். என் கலையின் உச்சம் அது. அதைப் பாதி குடித்ததும் அந்தோணியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

“வயித்தப் பொரட்டுது. கண்ண இருட்டுது. ஏங்க, வண்டிய எடுங்க, கெளம்பலாம்.”

டேவிட்ராஜ் எழுந்தார். அன்புச்செல்வன் சாவியைத் தேடினான். சமையலறை வாசலில் நின்ற லிடியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பொருத்தமான தேநீரை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் உள்ளே போனாள். தயிர்சோற்றைத் தண்ணீர் விட்டுக் குழையப் பிசைந்து, உப்புப் போட்டு, ஓரத்தில் மாங்காய் ஊறுகாயோடு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். ஸ்பூன் இல்லை.

“சாப்புடுங்க ஆன்ட்டி.”

“வேணாம்மா, கை...”

“கைய அப்புறம் பாத்துக்கலாம். ரோட்ல மயக்கம் போட்டு வுழுந்தீங்கன்னா, டீயக் குடுத்தே சாய்ச்சுட்டாங்கன்னு எங்க ஊரு பேசும். உங்களப் பத்தி அந்த ஊரு பேசுனதே போதும்.”

அந்தோணியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு ஐந்து விரலையும் உள்ளே விட்டார். கிண்ணம் காலியானதும் மறுபடி நீட்டினார். லிடியா நிரப்பினாள்.

டேவிட்ராஜ் மறுபடி உட்கார்ந்து மாங்காய்ச் சோற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நீயே நனைச்சுட்ட. இனிமே எனக்கு இன்னா?”

“நான் மருந்துக்கு சாப்புடுறேன். அது கணக்குல வராது.”

“மருந்துக்கு ஊறுகா எதுக்கு?”

அந்தோணியம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. விரலில் ஒட்டிய ஊறுகாயைச் சப்பிக்கொண்டே லிடியாவிடம் கேட்டார். “ஏம்மா, எங்க வூட்டுக்கு வந்தாலும் உங்கப்பா டீ போடுவாரா?”

“அடுப்பாண்டையே வுட மாட்டேன் அத்தை.”

அன்புச்செல்வன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் என் நுங்கைப் பார்த்தேன்; அதுவும் என்னைப் பார்க்கவில்லை.

கை கழுவி வந்த அந்தோணியம்மாள் மின்விசிறிக்கு நேராகச் சாய்ந்து உட்கார்ந்தார். “இப்ப நல்ல டீயா ஒரு வாய் குடிச்சா தேவலாம். பால் ஊத்துனது.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அமுதா என் கையில் தூக்குவாளியைக் கொடுத்தாள். “முனைக் கடையில ஜல்தியா வாங்கினு வாங்க. வழியில யாருக்கும் பாடம் எடுக்காதீங்க.”

செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“சம்பந்தி!”

அதுவரை நான் அண்ணன். தவறிக் கேட்டுவிட்டேனோ என்று அப்படியே நின்றேன்.

“எனக்கு மட்டும் சக்கரை கம்மியா போடச் சொல்லுங்க, சம்பந்தி.”

வெயிலில் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. முனைக் கடையில் டீ போடும் பச்சையப்பன் என் தூக்கைப் பார்த்து ஆற்றுவதையே நிறுத்திவிட்டான். இந்தக் கடையின் டீயை டீயே இல்லை என்று அவனிடம் பலமுறை விளக்கியவன் நான்.

“இன்னா சார், நம்ம கடைக்கா?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “கோடைக்காலத்துல, தயிர்சோத்துக்கு அப்புறம், பால் டீ மாரி பொருத்தமான ஜோடி வேற எதுவுமே...”

“எத்தினின்னு மட்டும் சொல்லு சார். பின்னாடி ஆளு நிக்குது.”