சாக்கடைக் குழாயைப் படம் எடுத்துத் திரிந்த நாட்கள்

இரும்பில் கை வைத்தால் சுடும். அடையாற்றுச் சேறும் பக்கத்துக் கூரையில் காயும் கருவாடும் சேர்ந்த வாசனை மூக்கில் ஏறும். நான் எதையும் கண்டுகொள்ளாமல் ஒரு கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்...

விளக்குக் கம்பம் இல்லை. பாதாளச் சாக்கடையின் வாயு மேலே போவதற்காக அந்தக் காலத்தில் நட்டுவைத்த வார்ப்பிரும்புக் குழாய். இரண்டு மாடி உயரம், உச்சியில் குட்டிக் கிரீடம் வேறு. மயிலாப்பூர் சந்துகளில், தி.நகர் மரங்களுக்கு நடுவே இன்னும் சில நிற்கின்றன. நீங்களும் தினமும் தாண்டித்தான் போயிருப்பீர்கள்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. கோபாலபுரத்தில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃபிலிம் கேமராவை மாட்டிக்கொண்டு குழாய் தேடக் கிளம்பிவிடுவேன். பெண் வீட்டுக்காரர்களிடம் மட்டும் இதைச் சொல்லித் தொலைக்காதே என்று அம்மா கெஞ்சினாள்.

நான் பார்த்ததிலேயே அழகான குழாய், ஆற்றங்கரைக் குடிசைகளுக்கு நடுவில் நின்றது. அதை ஒட்டி இருந்தது கன்னியம்மா அக்காவின் வீடு.

"இன்னாத்துக்கு தம்பி இத்தப் போயி போட்டோ புடிக்கிற? எம் பொண்ண ஒண்ணு எடேன்."

ஆறு வயது தேவி ஓடிவந்து குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒன்று எடுத்தேன். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிறகு அந்தக் குடும்பங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். குழாயும் போயிற்று.

போன மாதம் மந்தைவெளியில் ஒரு குழாயின் அடியில் மண்டி போட்டு மொபைலில் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னும் பைப்பத்தான் எடுத்துக்கினு கீறியா தம்பி?"

கன்னியம்மா அக்கா. தலை நரைத்திருந்தது. பக்கத்து அப்பார்ட்மென்ட்டில் வேலையாம், தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாராம்.

"தேவிக்குத் தை மாசம் கல்யாணம். பேனர்ல போட சின்ன வயசு போட்டோ கேக்குது. எங்க கைல ஒண்ணு கூட இல்ல. நீ ஒருத்தன்தான் அவள எடுத்த."

அக்காவுக்கு ஒரு விஷயம் தெரியாது. ஃபிலிம் மாட்டும்போது வெளிச்சம் பட்டு முதல் படம் எரிந்துபோகும். யாராவது "என்னை எடு" என்று கேட்டால், வீணாகப் போகிற அந்த முதல் கிளிக்கை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நல்ல ஃபிலிமைக் குழாய்க்கு வைத்துக்கொள்வேன். தேவிக்கும் அதைத்தான் செய்தேன். அன்று அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்காவிடம் தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று நாள் பரணைக் குடைந்து அந்த நெகட்டிவைக் கண்டுபிடித்து, தி.நகரில் ஸ்கேன் போட்டேன். முதல் படம் பாதி எரிந்திருந்தது. குழாய் இருந்த பக்கம் வெறும் வெள்ளை. மறு பாதியில் தேவி. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை, விழுந்த முன்பல், அந்தச் சிரிப்பு. கைகள் மட்டும் வெள்ளைக்குள் போய் மறைந்திருந்தன.

கடையிலேயே கண் கலங்கிவிட்டது.

அப்போது ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். அதில் ஒன்றை ஒரு குழந்தைக்குக் கொடுக்கக் கஞ்சத்தனம் பண்ணினேன். இப்போது எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்... ஆனால் எல்லோர் கையிலும் போன். என்னை ஒண்ணு எடேன் என்று யாரும் என்னைக் கேட்பதில்லை.

பிரின்ட் போட்டு மந்தைவெளிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, இது பாதி எரிஞ்சு போச்சு. தப்பு என் மேலதான். அன்னிக்கு நான்..."

அக்கா காதில் வாங்கவே இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரிஞ்சது உன் பைப்புதானே தம்பி," என்றார். "எம் பொண்ணு நல்லாத்தான் கீது."