ஒரு கரண்டி எண்ணெய்

இடது கை இரும்புச் சட்டத்தை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையிலிருந்த கத்தி, சட்டத்தை ஒட்டியே சிமெண்டுப் பலகையில் ஒரு கோடு கீறியது. அதே கோட்டில் மறுபடியும் ஒரு கீறல், பிறகு இன்னொன்று. அவசரப்பட்டு அழுத்தினால் பலகை தன் இஷ்டத்துக்குப் பிளந்துகொள்ளும். கோடு போதிய ஆழம் இறங்கியதும் கைகள் பலகையை மேசை விளிம்புக்கு நகர்த்தின, கோடும் விளிம்பும் ஒட்டியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தன, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டின. பலகை நேராக முறிந்தது. முறிந்த ஓரத்தை உப்புத்தாள் தேய்க்கத் தொடங்கியது. யாரும் பார்க்கப்போகிற ஓரமல்ல அது. வீட்டுக்குள் படம் வைத்துக் கும்பிடுகிற ஒரு சாமி மேடையின் முதுகில், பளிங்கு ஓட்டுக்குப் பின்னால் மறைந்துபோகிற பலகைதான்.

மாணிக்கம் அப்படித்தான். மறையப் போகிற இடத்தைத்தான் அதிக நேரம் தேய்ப்பார்.

ஜூரோங்கில் ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் இளவயதிலேயே சேர்ந்தவர். தொழிற்சாலை எல்லை தாண்டி ஜொகூருக்கு இடம் மாறியபோது அவர் மாறவில்லை. கிராஞ்சிக்குப் பக்கத்தில், சுங்கை காடுட் மரப்பட்டறை ஒன்றில் சீனக் கூட்டாளியோடு ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு அலமாரி, கதவு என்று கிடைத்ததைச் செய்தார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கால் ஒடிந்த சாமி மேடையைக் கொண்டுவந்து போட்டார். அதன் பின்பலகையைக் கழற்றியபோதுதான் மாணிக்கம் முதன்முதலாக அந்தக் கறுப்பைப் பார்த்தார். விளக்கு இருந்த இடத்துக்கு மேலே, நாக்கு நீட்டியது போல ஒரு கரிக்கறை. பலகை பாதி ஆழம் வரை வெந்திருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. முன்னால் சாமி படம் இருந்தது, பூ இருந்தது, எல்லாம் லட்சணமாக இருந்தது.

அதற்கப்புறம் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் யாராவது பழைய மேடையை வீசிவிட்டுப் போயிருந்தால் மாணிக்கம் வண்டியை நிறுத்திவிடுவார். ஆணியைப் பிடுங்கி முதுகைப் பார்ப்பார். கறை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மேல்தட்டு எவ்வளவு தாழ்வு என்று பார்த்துப் பார்த்துத்தான் தன் மேடைகளைச் செய்யக் கற்றுக்கொண்டார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று யாரும் இல்லை.

இப்போது அவர் கையிலிருந்த வேலை பொங்கோலில் ஒரு வீட்டுக்கு. லிட்டில் இந்தியாவில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர்தான் அனுப்பிவைத்தார். "நல்லாப் பேசுவாங்க, ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச மாட்டாங்க" என்று கடைக்காரர் சிரித்தபோது மாணிக்கத்துக்கு விளங்கவில்லை. அளவெடுக்கப் போன அன்று விளங்கிவிட்டது.

வீட்டுக்காரர் மிதுனன், கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. மனைவி தர்ஷனா பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். ஆரபி என்று ஒரு மகள், பள்ளிக்கூடத்தில் சேர்ந்து அதிக நாளாகவில்லை. கூடத்துச் சுவரில் ஓரிடம் மட்டும் புதிதாகப் பூசப்பட்டு மற்ற இடங்களைவிட வெள்ளையாக இருந்தது. அங்கேதான் பழைய மேடை எரிந்தது. கடையில் வாங்கிய மேடை, வேலைப்பாடு செய்த இரட்டைக் கதவு. காலையில் மிதுனன் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, காற்றில் அணையாமல் இருக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கூரையில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவி கத்தியதைக் கேட்டு எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா தொலைபேசியில் சொல்லப் போய், தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூடம் முழுக்கக் கரி.

"பல்பு மட்டும்தான் அங்கிள்" என்றாள் தர்ஷனா. "திரி, எண்ணெய்னு பேச்சே வேணாம்."

"சரிம்மா."

"இவர் என்ன நினைச்சிட்டு இருந்தாரு தெரியுமா? எச்டிபி வீட்டு லோனோட தீக்காப்புறுதி எடுத்திருக்கோம்ல, எல்லாத்தையும் குடுத்துடுவாங்கன்னு. அது சுவத்துக்கும் தரைக்கும்தான் லா! சோபா, டிவி, ஆரபி புக்ஸ், எங்க கல்யாண ஆல்பம்... ஒண்ணுக்கும் கிடையாது."

"எத்தனை தடவை சொல்லுவ?" என்றார் மிதுனன்.

"உங்களுக்கு உறைக்கிற வரைக்கும். இப்ப வீட்டுப் பொருளுக்கும் சேத்துக் காப்புறுதி எடுத்துட்டேன் அங்கிள். அதுக்காக இன்னொரு தடவை கொளுத்திப் பாக்க முடியுமா? அன்னைக்கு இவளுக்குக் காய்ச்சல்னு இவர் அம்மாவை வரச்சொல்லி வீட்டுல விட்டிருந்தா?"

மிதுனன் சுவரின் வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாணிக்கம் அளவெடுத்து முடித்துக் கிளம்பியபோது, வழியனுப்புகிற சாக்கில் மிதுனனும் மின்தூக்கியில் கூடவே இறங்கினார். கீழ்த்தளத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, பல்பு போடுங்க. ஆனா உள்ளுக்குள்ள ஒரு சின்ன தட்டு, இழுத்தா வர்ற மாதிரி... ஒரு அகல் வைக்கிற அளவு போதும். அவளுக்குத் தெரிய வேணாம்."

"எப்ப ஏத்துவீங்க?"

"அவ ஆரபியைக் கூட்டிட்டு முன்னாடி கிளம்பிடற நாள்ல. அப்பா போனதுலேர்ந்து ஒருநாள் விடாம ஏத்திட்டு இருந்தேண்ணே. சுவிட்சைத் தட்டிட்டுக் கும்பிட எனக்கு வரல. கண்ணை மூடினா ஆபீஸ்தான் ஞாபகம் வருது."

மாணிக்கம் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"தம்பி, ஒளிச்சு ஏத்துற விளக்குக்கு நான் தட்டு செய்ய மாட்டேன். அது எரியறது வீட்டுல ஒருத்தருக்குத் தெரியாதுன்னா, அதுதான் ஆபத்து. வேற ஆளைப் பாத்துக்கங்க."

மிதுனனின் முகம் சிறுத்துவிட்டது. மாணிக்கத்துக்கே கொஞ்சம் சங்கடமாகப் போயிற்று. வண்டிக் கதவைத் திறந்தவர் நின்று கேட்டார்.

"ஏன் தம்பி, கிளம்புறதுக்கு முன்னாடி அதை அணைச்சிருக்கலாம்ல?"

"எப்படிண்ணே அணைக்கறது?" அந்தக் கேள்வியில் மிதுனனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "தானா மலையேறணும்ல? எங்கப்பா ஒருநாளும் அணைச்சதில்ல. நிறைய ஊத்தி ஏத்திட்டு விட்டுடுவாரு."

"அப்ப வீட்டுல யாரு இருப்பா?"

"அம்மா. எப்பவும் இருப்பாங்க."

மாணிக்கம் வண்டியில் ஏறினார்.

வண்டியை ஓட்டிக்கொண்டு போகையில் அதுதான் மனத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணெய் நிறைய ஊற்றுவதும், அணைக்காமல் விடுவதும் எப்போதும் ஆளிருக்கிற வீட்டின் பழக்கம். காலையில் எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற வீட்டுக்கு அந்தப் பழக்கம் மட்டும் தனியாக வந்து சேர்ந்துவிட்டது. மிதுனன் பக்தியில் குறை வைக்கவில்லை. தன் அப்பா ஊற்றிய அளவையே ஊற்றினார், அவ்வளவுதான்.

வீட்டில் மனைவி பூவம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"அவரு ஏன் குடம் குடமா ஊத்துறாரு? நான் கொஞ்சமாத்தான் ஊத்துவேன். சட்னி தாளிக்கறதுக்குள்ள மலையேறிடும்."

"நீ அப்படியா ஏத்தற?"

"இத்தனை வருசமா அந்த மேடைக்கு முன்னாடிதான நிக்கறீங்க? சாமியைப் பாத்தீங்களா, பலகையைப் பாத்தீங்களா?"

மாணிக்கம் தோசையைப் பிய்த்தபடியே சிரித்துவிட்டார். பதில் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

ஆனால் பதில் கிடைத்துவிட்டது என்று வேலையை முடித்துவிடுகிற ஆளில்லை அவர். பட்டறையில் ஒரு காமாட்சி விளக்கை வைத்துக் குறைவாக எண்ணெய் ஊற்றி ஏற்றினார். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. எண்ணெய் வற்றும் தறுவாயில்தான் அது நடந்தது. முனையில் மட்டும் எரிந்துகொண்டிருந்த சுடர் பின்னுக்கு நகர்ந்தது, படுத்துக்கிடந்த திரி முழுவதையும் பற்றிக்கொண்டது, குப்பென்று ஒரு சாண் உயரத்துக்கு எழும்பியது. சிறிது நேரம் அப்படி நின்று எரிந்த பிறகுதான் அடங்கியது. மறுபடியும் ஏற்றிப் பார்த்தார். மறுபடியும் அப்படியே.

இத்தனை காலமாகப் பழைய பலகைகளில் பார்த்த கரிநாக்கு எப்போது விழுந்தது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாளெல்லாம் அமைதியாக எரிகிற விளக்கு, மலையேறும் நேரத்தில்தான் ஓங்கி எரிகிறது. மிதுனன் வீட்டிலோ ஆளில்லாத நேரத்தில், சாத்திய கதவுக்குள் அது நடந்திருக்கிறது.

ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் வாங்கினார். அதன் நடுவில் அடிப்பக்கம் துளையிட்ட மெல்லிய குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்திப் பற்றாசு வைத்து ஒட்டினார். திரி படுக்காமல் குழாய்க்குள் நேராக நின்றது. எண்ணெய் தீர்ந்ததும் சுடர் ஓடுவதற்கு வழியில்லை. சுருங்கிச் சுருங்கி, ஒரு சிவப்புப் புள்ளியாகி நின்றுவிட்டது. அது சரியாக வந்த பிறகு கரண்டி. ஒரு பித்தளை மூடிக்குக் கைப்பிடி வைத்து, விளிம்பை அரத்தால் ராவி ராவிக் குறைத்தார். ஒருமுறை ராவியதும் கரண்டி நிறைய எண்ணெய் ஊற்றி ஏற்றுவார், பட்டறைக் கடையில் வாங்கிய பரோட்டாவை நிதானமாகச் சாப்பிடத் தொடங்குவார். பரோட்டா முடிந்தும் விளக்கு எரிந்தால் மறுபடி அரம். சீனக் கூட்டாளி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "நீ மேடை செய்யறியா, பரோட்டா வியாபாரம் செய்யறியா?" என்று மலாயில் கேலி செய்தார்.

மேடையைக் கொண்டுபோவதற்கு முன்பு தர்ஷனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அம்மா, நீங்க சொன்னபடி பல்பு போட்டாச்சு. கூடவே ஒரு விளக்கும் செஞ்சிருக்கேன். அவர் கேட்டாருன்னு இல்ல, நானாத்தான் செஞ்சேன். கொண்டு வரவா, வேணாமா?"

"கொண்டு வாங்க. பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடணும்."

"எடுத்துட்டுப் போயிடறேன்."

சனிக்கிழமை மேடையைச் சுவரில் பொருத்தினார். முன்பக்கம் கதவே இல்லை. விளக்குக்கு மேலே தட்டு இல்லை, திறந்த வெளி. முதுகில் பளிங்கு ஓடு. விளக்கு உட்காரக் கருங்கல் துண்டில் ஒரு பள்ளம், தட்டினாலும் கவிழாது. தர்ஷனா எதையும் விடவில்லை. விளக்கை விரலால் தள்ளிப் பார்த்தாள், பளிங்கு ஓட்டைத் தட்டிப் பார்த்தாள், சாமி படத்துக்குப் போட்ட மாலை காற்றில் எவ்வளவு தூரம் ஆடும் என்று கேட்டாள். மாலையைப் பக்கவாட்டில் தொங்கவிட ஆணி இருப்பதை மாணிக்கம் காட்டினார். படுத்த திரி எப்படி எழும்பி எரிந்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

மிதுனன் அதைக் கேட்டுத் தரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியல" என்றார் மெதுவாக.

"எனக்கும் போன வாரம்தான் தம்பி தெரியும்."

"சரி, ஏத்துங்க பாக்கலாம்" என்றாள் தர்ஷனா.

மிதுனன் கை கழுவிவிட்டு வந்து ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி ஏற்றினார். கண்ணை மூடி நின்றார். தர்ஷனா கண்ணை மூடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரபி ரொட்டியைக் கடித்தபடியே, "அப்பா, இது எப்ப மலையேறும்?" என்றாள்.

"நீ சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள."

"அப்ப நான் மெதுவாச் சாப்பிடறேன்."

"ஏற்கெனவே அப்படித்தான் சாப்பிடற" என்றாள் தர்ஷனா. மிதுனன் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள்.

ஆரபியின் தலையைப் பின்னி முடிக்கிற வேளையில் சுடர் சுருங்கியது. தர்ஷனா சீப்பும் கையுமாக எழுந்து மேடைக்கு அருகில் போனாள். சிவப்புப் புள்ளி மங்கி, ஒரு நூலளவு புகை எழுந்து நின்றது. கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள், சூடு. கருங்கல்லைத் தொட்டாள், ஓட்டைத் தொட்டாள். இரண்டும் சில்லென்றிருந்தன.

"இது மலையேறினப்புறம்தான் வீட்டைப் பூட்டணும். யாரு கடைசியாக் கிளம்பினாலும்" என்றாள் கணவனிடம்.

"சரி."

"மழை, மீட்டிங்கு, பஸ்ஸு போயிடும்... எந்தச் சாக்கும் கிடையாது."

"சரின்னு சொல்றேன்ல."

"எண்ணெய் நான்தான் ஊத்துவேன். நீங்க ஏத்துங்க."

மிதுனன் அவளைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

அவள் மாணிக்கத்தின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். மாணிக்கம் மேடையிலிருந்த கரண்டியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துணியால் துடைத்தார். அரம் பட்ட விளிம்பில் பிசிறு ஏதும் நிற்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி, அந்தக் கையில் வைத்தார்.