விரல் கணக்கில் ஏறிய வெள்ளம்

மறுநாள் கால்குலஸ் பரீட்சை. விடுதியின் கூச்சலுக்குப் பயந்து நானும் என் வகுப்புச் சிநேகிதனும் விடியற்காலையிலேயே தாமிரபரணி நடுவில் இருக்கும் கல் மண்டபத்துக்குப் போய்விட்டோம். போகும்போது முழங்கால் தண்ணீர்தான். சிநேகிதனுக்கு நீச்சல் தெரியாது. எனக்கு நீச்சல் தெரியும்; கணக்குத்தான் வராது. இரண்டிலும் கெட்டிக்காரன் போல நடந்துகொள்வேன்.

ஐப்பசி மாதம். ஆறு மணிக்குத் தூணில் தண்ணீர் மட்டத்தைக் கரியால் கோடு போட்டு வைத்தேன். ஒன்பது மணிக்கு ஆறு விரல் ஏறியிருந்தது.

"ஏலே, தண்ணி கலங்கி வருது. போயிருவோம்லே" என்றான்.

"மூணு மணி நேரத்துல ஆறு விரல். மணிக்கு ரெண்டு. மத்தியானம் வரைக்கும் இருந்தாலும் உன் இடுப்புக்கு வராது. பேசாம படி."

"எட்டரைக்கு நான் ஒரு கோடு போட்டேன். அப்ப ரெண்டு விரல்தான். மிச்சம் நாலும் இந்த அரை மணியில வந்தது. நீ விடியக்காலத்துத் தண்ணியையும் சேத்துப் பங்கு போடுதே, மூதி!"

சட்டைப்பைக் கடிகாரத்தைத் தூணருகே பிடித்துக்கொண்டு குந்தினான். ஐந்து நிமிஷத்தில் இரண்டு விரல். அடுத்த ஒரே நிமிஷத்தில் ஒரு விரல். அவன் நேரத்தைக் குறுக்கக் குறுக்க வேகம் கூடிக்கொண்டே போனது. வகைக்கெழு என்று இன்று சொல்கிறார்களே, அந்தக் கணத்தின் வேகம், அது இப்படிச் சராசரியை நறுக்கிக்கொண்டே போனால் கிடைப்பதுதான். வாத்தியார் கரும்பலகையில் மாதக்கணக்காகக் கத்தியதும் இதையே. என் மணிக்கு இரண்டு விரலும் பொய்யில்லை. காலையில் ஏதோ ஒரு கணம் தண்ணீர் சரியாக அந்த வேகத்தில் ஏறியிருக்கும். அந்தக் கணம் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இறங்கினோம். பாதி வழி போவதற்குள் வெள்ளம் மார்பளவுக்குப் பெருகிவிட்டது, இழுப்பு வேறு. அவன் என் குடுமியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கால் வழுக்கி இருவரும் முங்கினோம். அவனைத் தள்ளிக்கொண்டு நான் கரையேறியபோது, காலையில் புறப்பட்ட துறை கண்ணிலேயே படவில்லை.

மணலில் குப்புறக் கிடந்து தண்ணீர் கக்கினான். முதுகைத் தட்டினேன். மூச்சு வந்ததும் என் கையைத் தட்டிவிட்டான்.

"நாளைக்கு என் பரீட்சைத் தாளை எட்டிப் பாத்தே, கொன்னேபோடுவேன்லே!"

பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதினால் என்ன மார்க்கு வருமோ, அதுதான் வந்தது.