மூன்று ஏழும் பூவரச நிழலும்

மயிலாப்பூர்ச் சந்தைக்கு வெளியே ஒரு பூவரச மரம் இருந்தது. அதன் நிழலில் ஒரு கூடைக்குத்தான் இடம். அங்கே உட்கார்ந்து மீன் விற்றவளை அக்கா என்பேன். உறவு ஒன்றுமில்லை; எங்கள் நொச்சிக்குப்பத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்கு அடுத்தாற்போல், வெயிலில், நான். அந்தச் சித்திரையில் எனக்கு ஏழு மாசம். தலை சுற்றும். கொஞ்சம் இடம் கொடு என்று இரண்டு தடவை கேட்டேன்.

"நான் புள்ளத்தாச்சியா வெயில்ல குந்தல? நீ இன்னா மகாராணியா?" என்றாள்.

மூன்றாம் தடவை நான் கேட்கவில்லை.

பகலில் வியாபாரம் ஓய்ந்ததும் மூணு சீட்டு ஆடுவோம். எலுமிச்சம்பழம் விற்கிறவள் ஆளுக்கு மூன்று சீட்டு போடுவாள். மிஞ்சிய மீன்தான் பந்தயம். ஒருத்தி வைத்ததற்குச் சமமாக மற்றவள் வைக்க வேண்டும். முடியாதென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும்.

ஆரம்பத்தில் நான் ஜெயித்தும் பிரயோசனமில்லை. நல்ல சீட்டு வந்தால் கை பரபரக்கும், பெரிய மீனைத் தூக்கி வைப்பேன். அக்கா உடனே கவிழ்த்துவிடுவாள். எனக்குக் கிடைப்பது நாலு நெத்திலி. மீன் வாங்க வருகிறவளிடம் எடுத்ததும் பெரிய விலை சொன்னால் நிற்பாளா? அது தெரிந்த எனக்குச் சீட்டில் புரிய இத்தனை நாள் ஆயிற்று.

அக்காவையும் கவனித்து வைத்தேன். மீன் பழசானால் தண்ணீர் தெளித்துத் தெருவே கேட்கக் கூவுவாள். புது மீன் என்றால் ஈரச் சாக்கால் மூடிவிட்டு வாயே திறக்கமாட்டாள். சீட்டிலும் அப்படித்தான். கையில் ஒன்றுமில்லாதபோது சவடால் ஓயாது. நல்ல சீட்டென்றால் முந்தானையால் மூடிக்கொண்டு டிராம் போவதைப் பார்ப்பாள்.

அன்றைக்கு என் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றும் ஏழு. இதைவிடப் பெரிய சீட்டு மூன்றும் ஒன்றுபோல வந்தால்தான் தோல்வி. அக்கா முந்தானையை இழுத்து மூடினாள். டிராமைப் பார்த்தாள்.

ஒரு பிடி நெத்திலி மட்டும் வைத்தேன்.

அவளும் வைத்தாள். பிறகு ஒரு காணாங்கெளுத்தி. அவளும் ஒன்று. பிறகு இரண்டு. அவள் கூடை காலியாகிற வரைக்கும் இப்படியே, பயந்தவள் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். கடைசியில் என் சாக்குக்கு அடியிலிருந்து பெரிய வஞ்சிரத்தை எடுத்து வைத்தேன். அதை விற்றால்தான் அன்று வீட்டில் உலை. அவளிடம் மூன்று ராஜா இருந்தால் என்ன செய்வது? அந்த நினைப்பை முகத்தில் காட்டவில்லை.

"இதுக்கு ஈடா என்கிட்ட மீனு ஏதுடி?"

"மீனு இன்னாத்துக்குக்கா? உன் எடத்த வையேன்."

எலுமிச்சம்பழக்காரி சிரித்துவிட்டாள். "கவுத்துடு அக்கா. இவ ஏதோ வச்சிக்கினு கீறா."

"இவளா? நெத்திலி நெத்திலியா போட்டவ இன்னாத்த வச்சிருப்பா? வச்சேன் எடத்த! தொற!"

அவளே முதலில் திறந்தாள். ஆட்டின் ராஜா, ராணி, ஜாக்கி, மூன்றும் ஒரே இனம், வரிசையாக. லேசுப்பட்ட சீட்டில்லை. என் சீட்டை ஒவ்வொன்றாக வைத்தேன்.

"ஏழு. ஏழு. உள்ள இருக்கிறதுக்கும் ஏழு மாசம்க்கா. இதோ, இன்னொரு ஏழு."

அக்கா என் சீட்டை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி, நெத்திலிய போட்டு என்னையே புடிச்சிட்டியேடி," என்றாள். ஆனால் வாக்கு மாறவில்லை. தானே எழுந்து கூடையை வெயிலுக்கு நகர்த்தினாள்.

மறுநாள் காலை நான் பூவரசில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து கூவினேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருந்தது அதுவரை எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகும் அக்கா தினம் ஆட்டத்துக்குக் கூப்பிடுவாள். நானும் ஆடினேன், வஞ்சிரத்தைக்கூட வைத்து ஆடினேன். நிழலை மட்டும் ஒரு நாளும் வைக்கவில்லை.