காலியாக விட்ட நாற்பத்தேழு

நம்பாவிட்டால் போங்கள். ஹாலிவுட்டை ஒட்டிய பர்பேங்கில் யாரிடம் இதைச் சொன்னாலும், "அருமையா இருக்கே, படமா எடுக்கலாமே" என்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. இது நடந்தது. எனக்கு நடந்தது. நடுராத்திரியில்கூட இல்லை. சனிக்கிழமை மத்தியானம், மண்டையைப் பிளக்கும் வெயிலில்.

என் பெயர் அனூஷ். சினிமா ஸ்கிரிப்டைக் கம்ப்யூட்டரில் ஒழுங்குபடுத்தி எல்லோருக்கும் அனுப்புவது என் வேலை. எழுதுகிறவர் எழுதுவார். விளிம்பு, இடைவெளி, பக்க எண், காட்சி எண் எல்லாம் என் தலையில். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம். ஒரு வழக்கமும் உண்டு. ஒரு காட்சியைத் தூக்கிவிட்டாலும் அதன் எண்ணை வேறு காட்சிக்குக் கொடுக்க மாட்டோம். 'நீக்கப்பட்டது' என்று போட்டு அப்படியே காலியாக விடுவோம். எண் மாறினால் செட்டில் அத்தனை பேரும் குழம்பிப்போவார்கள்.

நான் அப்போது வேலை பார்த்த படம் பாதியில் நின்று, ஒரு வருடம் கழித்து மறுபடி தொடங்கியது. பணப் பிரச்சினை என்றார்கள். நான் புதிதாகச் சேர்ந்தவள். ஸ்கிரிப்டில் நாற்பத்தேழாம் காட்சி எண் காலியாக இருந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. காலி எண் இல்லாத ஸ்கிரிப்டை நான் பார்த்ததே இல்லை.

அன்று வெண்டல் என் அறைக்குள் வந்தார். படத்தை எழுதி இயக்குபவர். நல்ல வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

"அந்த நாப்பத்தேழு எதுக்கு ஓட்டைப் பல்லு மாதிரி இளிச்சுக்கிட்டு நிக்குது? மூடு அதை."

"நம்பர் மாத்தக் கூடாது வெண்டல். செட்டுல எல்லாரும்..."

"உனக்குச் சம்பளம் டைப் அடிக்க. எனக்குப் பாடம் நடத்த இல்ல. நாப்பத்தெட்டை நாப்பத்தேழு ஆக்கு. நான் சாப்பிட்டு வரதுக்குள்ள எல்லாருக்கும் போயிருக்கணும்."

கதவை அறைந்துவிட்டுப் போனார். மனுஷனா அவர்!

நாற்பத்தெட்டு என்பது, கவிழ்ந்த படகுக்கு அடியில் கதாநாயகி ஐரிஸ் மாட்டிக்கொள்ளும் காட்சி. நாற்பத்தொன்றாம் பக்கம். ஐரிஸுக்கு டூப் போடுபவள் ரெனாட்டா. அவளும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவளை விட்டால் எனக்கு இந்த ஊரில் யாரும் இல்லை. எதிர்க் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி. அங்கே ஒத்திகையில் இருந்தாள். போன் செய்தேன்.

"சாப்பிட வரியாடீ?"

"இன்னொரு தடவை முங்கிப் பாத்துட்டு வரேன். என் பரிட்டோவைத் தொட்டே... கையை ஒடிச்சிடுவேன்."

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். எண் மாறாமல் இருக்க சாஃப்ட்வேரில் போட்டிருந்த பூட்டை எடுத்தேன். நாற்பத்தெட்டை நாற்பத்தேழாக மாற்றினேன். மணி 12.40.

டொக்.

மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. மரத்தைக் கையால் தட்டுகிற சத்தம். ஏசி குழாய் என்று நினைத்தேன்.

முதல் பக்கத்தின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. நாம் மாற்றிய வரிக்குப் பக்கத்தில் சாஃப்ட்வேர் தானாகப் போடும் குறி அது. ஆனால் அங்கே வரியே இல்லை. வெற்றிடம். அழித்தேன். திரும்ப வந்தது.

12.41. டொக். இரண்டாம் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

12.42. டொக். மூன்றாம் பக்கம்.

இருபதாம் பக்கம் வரை அழித்து அழித்துப் பார்த்தேன். வெண்டலை அழைத்தேன்.

"நட்சத்திரம் தானா விழுது வெண்டல்."

"கோளாறா இருக்கும். மூடித் திற. அனுப்பு."

மூடினேன். திரை கறுப்பானது.

டொக்.

மறுபடி திறந்தேன். மணி 1.02. நட்சத்திரம் இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நிமிடத்துக்கு ஒரு பக்கம். ஏதோ ஒன்று அந்த ஸ்கிரிப்டுக்குள் நடந்து வருகிறது... எங்கே போகிறது?

நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தேன்.

ஐரிஸ் என்ற பெயர் அங்கே இல்லை. இருந்த இடமெல்லாம் ரெனாட்டா. டூப் போடுபவளின் பெயரை ஸ்கிரிப்டில் யாரும் எழுத மாட்டார்கள். நான் எழுதவில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: 'ரெனாட்டா தட்டுகிறாள். யாரும் வர மாட்டார்கள்.'

நாற்பத்தெட்டு என்று திருத்தினேன். நாற்பத்தேழாக மாறியது. பத்து நிமிடம் மாற்றி மாற்றித் திருத்தினேன். மறுபடி நாற்பத்தேழு.

ரெனாட்டாவை அழைத்தேன். மணி அடித்தது... அடித்தது... எடுக்கவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கொட்டகையில் ஒரு ஈ, காக்கை இல்லை. தொட்டி ஓரத்தில் அவள் துண்டு. துண்டின் மேல் அவள் போன். தண்ணீர் அசையவில்லை. நடுவில் கவிழ்ந்த படகு.

டொக்.

இந்தத் தடவை படகுக்குள்ளிருந்து.

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். காவலுக்கு இருக்க வேண்டிய முக்குளிப்பவன் கஸ், வாயில் சாண்ட்விச்சோடு ஓடி வந்தான்.

"ஐயையோ! அவ சாப்பிடப் போயிட்டான்னு நெனச்சேனே!"

குதித்தான்.

திரையில் முப்பத்தெட்டு.

டொக். முப்பத்தொன்பது.

டொக். நாற்பது.

தண்ணீர் கிழிந்தது... கஸ்ஸின் தலை.

பிறகு அவள் தலை.

இருமினாள். மூச்சு விட்டாள். நான் ஈரத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

படகுக்குள் தேங்கியிருந்த கொஞ்சம் காற்றில் பிழைத்தாள். ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை, தட்டினியே" என்றேன்.

என்னை வெறித்துப் பார்த்தாள்.

"நான் எங்கடீ தட்டினேன்? ஒருத்தன் என் கணுக்காலைப் பிடிச்சிருந்தான். என் ரெண்டு கையும் அவன் விரலைப் பிரிச்சுக்கிட்டு இருந்துச்சு."

அன்றே வேலையை விட்டேன். வெண்டல் அசரவில்லை. எண்ணையும் திருப்பிப் போடவில்லை. அடுத்த வாரம் வேறு டூப் என்றார்.

ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று கஸ்ஸிடம் போனேன். அப்போதுதான் வாயைத் திறந்தான். போன வருடம், இதே தொட்டி. ரஸ்ஸல் என்று ஒருவன் டூப். நாற்பத்தேழாம் காட்சி. எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்று நினைத்து வெண்டல் சாப்பாட்டுக்கு விட்டார். ரஸ்ஸல் படகுக்கு அடியில் இருந்தான். நாற்பத்தொரு நிமிடம் கழித்துத்தான் எடுத்தார்கள். அதுவரை தட்டியிருக்கிறான். உள்ளே மரத்தில் குழி குழியாகத் தடம். அதனால்தான் காட்சியைத் தூக்கினார்கள். அந்த எண்ணில் இனி யாரும் நிற்கக் கூடாது என்று, எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவள் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

"அந்தப் படகைக் காட்டு" என்றேன்.

"அதை அப்பவே எரிச்சாச்சு. இது புதுசு. இப்பதான் செஞ்சு வந்துச்சு."

இரண்டு பேருமாகப் புதுப் படகைப் புரட்டினோம். டார்ச் அடித்தான்.

உள்ளே குழிகள். வரிசையாக. ஒரு ஆணின் விரல் முட்டி அளவு.

எண்ணினேன்.

நாற்பது.